வாடைக்கு முன் வரும் விருந்தாளிகளை யார் எண்ணுவது?

இலையுதிர் காலம் என்ற பருவத்தை நாம் ஆங்கிலப் பாடப் புத்தகங்களில்தான் கண்டிருக்கிறோம். மஞ்சளும் சிவப்புமாக இலைகள் கிடக்கும் பாதை, கம்பளிச் சட்டை போட்ட பிள்ளைகள் என்று படம் போட்டிருப்பார்கள். எமது மன்னார்த் தீவில் அப்படியொரு பருவம் இல்லை. செப்டெம்பர் மாதத்தில் இங்கே உதிர்வதற்கு இலையும் அதிகம் இருப்பதில்லை. மாதக்கணக்கில் மழையில்லாமல் புல் கருகி, குளத்துத் தரை வெடித்து, சோளகக் காற்று மணலை வாரி வாசலில் கொட்டிக் கொண்டிருக்கும். ஆனாலும் வடக்கே குளிர் தொடங்கிவிட்டது என்ற செய்தி எமது கரைக்குத் தவறாமல் வந்து சேர்கிறது. அதைக் கொண்டு வருபவை பறவைகள்.

சோளகம் ஓய்ந்து வாடை தொடங்குவதற்கு முன்னுள்ள அந்தச் சில வாரங்களைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதுகிறேன். எனது கருத்து இதுதான்: அந்த வாரங்களில் இத்தீவுக்கு வரும் பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பார்த்து, எண்ணி, எழுதி வைக்கும் வேலையை நாம் வெளியூர் நிபுணர்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. அதை இங்குள்ள பாடசாலைப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், செய்ய வேண்டும். பெற்றோர் அதற்கு மனம் வைத்து அனுமதி தர வேண்டும்.

"பறவையை எண்ணி என்ன கிடைக்கப் போகிறது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன், வருபவர்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவின் மேற்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கி வரும் பறவைகளுக்கு இலங்கையின் வாசல் மன்னார். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல். அதன் நடுவே ஆதம் பாலத்து மணல் திட்டுகள். நெடுந்தூரம் பறந்து களைத்த பறவைக்கு அத்திட்டுகளும் எமது தீவும் ஓய்வெடுக்கும் இடங்கள். அவற்றுக்கு அப்பால் தாம்போதியின் இரு பக்கமும் விரிந்த சேற்றுத் தரை, உணவு கிடைக்கும் இடம். தாம்போதியை அடுத்துள்ள வங்காலைச் சரணாலயம் 2008ஆம் ஆண்டு பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. ஆதம் பாலப் பகுதி 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு கடந்து போகும் அந்தச் சேற்று வெளியை உலகம் இந்த அளவுக்கு மதிக்கிறது.

மன்னார்ப் பறவைகள் என்றதும் எல்லோரும் சொல்வது பூநாரையைத்தான். இளஞ்சிவப்பு நிறம், நீண்ட கால், ஆயிரக்கணக்கில் கூட்டம். கையடக்கத் தொலைபேசியில் படம் எடுக்க ஏற்றது. ஆனால் அவை பெருங்கூட்டமாக வருவது மழை பெய்து நீர் நிறைந்த பிறகுதான். கொழும்பிலிருந்து வேன் பிடித்து வருவோரும் அப்போதுதான் வருகிறார்கள். முதலில் வருபவை அவையல்ல. ஓகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பரிலும் வந்து இறங்குபவை சேற்று நிறத்தில் ஓடித் திரியும் சின்னஞ்சிறு உப்புக்கொத்திகளும் உள்ளான்களும். தூரத்திலிருந்து பார்த்தால் சேறு நகர்வது போலத்தான் தெரியும். அவற்றைப் பார்க்க யாரும் வேன் பிடித்து வருவதில்லை.

அந்தச் சிறியவர்களின் கதைதான் பெரிது. உப்புக்கொத்தியில் ஓர் இனம் இமயமலைக்கு அப்பால் திபெத் மேட்டுநிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. அலகு கீழ்நோக்கி வளைந்த ஓர் உள்ளான், ஆங்கிலத்தில் கர்லியு சாண்ட்பைப்பர் எனப்படுவது, சைபீரியாவின் வடகோடியில் ஆர்க்டிக் சமவெளியிலிருந்து வருகிறது. செப்டெம்பர் தொடக்கத்தில் பார்த்தால் சிலவற்றின் நெஞ்சில் செங்கல் நிறம் இன்னும் ஒட்டிக் கொண்டிருக்கும். அது இனப்பெருக்க காலத்து உடுப்பு. ஒக்டோபருக்குள் அது கழன்று சாம்பல் நிறமாகிவிடும். ஆகவே, அந்தச் சிவப்பைக் காண விரும்புபவர் முதல் வாரங்களிலேயே போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கரைப்பறவைகள் பலவற்றில் பெரியவை முன்னே புறப்பட்டு வந்துவிடுகின்றன. அவ்வருடம் பொரித்த குஞ்சுகள் சில வாரங்கள் கழித்துத் தாமாகவே புறப்படுகின்றன. தாயுமில்லை, தகப்பனுமில்லை, முன்பு ஒருமுறையும் வந்த பாதையுமில்லை. அப்படியிருந்தும் கண்டம் கடந்து இதே கரைகளுக்கு வந்து சேர்கின்றன. படைத்தவன் அவற்றுக்குள் வைத்த அறிவை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

கரையை விட்டு ஊருக்குள் வந்தாலும் விருந்தாளிகள் உண்டு. மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான்கள். அதே கம்பியிலிருந்து பாய்ந்து தும்பியைப் பிடித்துக் கொண்டு திரும்பும் நீலவால் பஞ்சுருட்டான். முட்பற்றைக்குள்ளிருந்து கரகரத்த குரலில் ஏசும் பழுப்புக் கீச்சான். ஒக்டோபரில் வருகிறது ஆறுமணிக்குருவி. இரவில் பயணம் செய்யும் இக்குருவி சில வேளைகளில் களைத்துப் போய் வீட்டு முற்றத்திலேயே விழுந்து கிடக்கும். அப்படிக் கண்டால் பூனை எட்டாத இடத்தில், காற்றுத் துவாரமுள்ள கடதாசிப் பெட்டிக்குள், இருட்டாகவும் சத்தமில்லாமலும் வைத்துவிட்டு மாலை மயங்கும் நேரத்தில் திறந்து விட்டால் போதும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றக் கூடாது.

வண்ணத்துப்பூச்சிகளுக்கு எமது தீவில் செப்டெம்பர் கஷ்டகாலம். பூவில்லை, தளிரில்லை. இருந்தாலும் இரண்டு செடிகளை நம்பிச் சில இனங்கள் தாக்குப் பிடிக்கின்றன. ஒன்று எருக்கலை. எருக்கலம்பிட்டி என்ற ஊர்ப் பெயரிலேயே இருக்கும் செடி. பாலில் நஞ்சு இருப்பதால் ஆடும் கடிக்காத அதன் இலையைத் தின்று வளர்கிறது ஆங்கிலத்தில் பிளேன் டைகர் எனப்படும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு. செடியின் நஞ்சு அதன் உடம்பில் சேர்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. மற்றது உகாய் மரம். பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் அதன் குச்சி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. மிஸ்வாக் தரும் மரம்தான் அது. அதன் இலையில் முட்டையிடும் ஒரு சிறிய வண்ணத்துப்பூச்சி இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த நிறம், கரிய ஓரம். ஆங்கிலத்தில் சிமோல் சல்மன் அராப் என்கிறார்கள். ஆபிரிக்கா, அரபு நாடு, இந்தியா என்று வறண்ட நிலங்களில் வாழும் அது இலங்கையில் எமது பகுதி போன்ற வறண்ட கரையோரங்களில்தான் இருக்கிறது. கண்டியிலும் நுவரெலியாவிலும் தேடினாலும் கிடைக்காது. முதல் மழை விழுந்து பற்றைகள் துளிர்த்ததும் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். அந்த மாற்றம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதைக் குறித்து வைப்பதே ஒரு நல்ல ஆய்வு.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். எண்ணி என்ன பயன்?

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று ஒன்று உண்டு. 1987 முதல் பல நாடுகளில் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது, இலங்கையும் பங்குபற்றுகிறது. மிகப் பயனுள்ள வேலை. ஆனால் ஜனவரியில் எண்ணினால் ஜனவரியில் இருப்பது மட்டும்தான் தெரியும். செப்டெம்பரில் வந்து ஒரு வாரம் இளைப்பாறிவிட்டுத் தெற்கே போன பறவை அதில் வராது. அது வந்து போனதற்கு எமது தீவில் இருப்பவர்களே சாட்சி. நாம் எழுதி வைக்காவிட்டால் அந்தப் பறவை வரவே இல்லை என்றுதான் பதிவு சொல்லும்.

இது வெறும் புள்ளிவிபர ஆசை அல்ல. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2024இல் 16 கரைப்பறவை இனங்களை முன்னிருந்ததைவிட ஆபத்தான பிரிவுகளுக்கு மாற்றியது. நான் மேலே சொன்ன, அலகு வளைந்த அந்த உள்ளானும் அவற்றுள் ஒன்று. எமது பஸ் கடந்து போகும் சேற்றில் இரை தேடும் பறவை உலகத்தில் குறைந்துகொண்டு வருகிறது என்று அதற்குப் பொருள்.

அத்தோடு, எமது தீவின் வானம் முன்போல் வெறும் வானமாக இல்லை. 2020 டிசெம்பரில் தெற்குக் கரையில் தம்பபவனி காற்றாலை திறக்கப்பட்டது. 30 கோபுரங்கள், 103.5 மெகாவாட். அதன் பின் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் அளவில் அதானி நிறுவனம் திட்டமிட்டது. சூழலியல் அமைப்புகள் 2024இல் உயர்நீதிமன்றம் சென்றன. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக் கொண்டது. அதே வருடம் ஓகஸ்ட்டில் வேறு காற்றாலைகளுக்கு எதிராக எமது ஊர் மக்களே வீதியில் இறங்கினார்கள். இந்த விவாதம் இன்றோடு முடியப் போவதில்லை. நாளை காற்றாலை, மறுநாள் மண் அகழ்வு, அடுத்து இறால் பண்ணை என்று ஏதோவொன்று வந்துகொண்டேயிருக்கும்.

காற்று மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது மெழுகுதிரி வெளிச்சத்தில் கொப்பியோடு உட்கார்ந்த தலைமுறை நாங்கள். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். ஆனால் கோபுரத்தை எங்கே நடுவது, எந்த மாதத்தில், எந்த நேரத்தில் நிறுத்தி வைப்பது என்ற கேள்விகள் உண்டு. ஸ்பெயின் நாட்டின் தென்முனையில் தரிஃபா என்ற ஊர் இருக்கிறது. ஆபிரிக்காவுக்குப் போகும் பறவைகள் ஜிப்ரால்டர் நீரிணையைக் கடக்கும் இடம் அது. எமது தலைமன்னாரைப் போல. அங்கும் காற்றாலைகள். பறவை வருவதைக் கண்டதும் அறிவித்துக் குறிப்பிட்ட கோபுரங்களை மட்டும் சிறிது நேரம் நிறுத்தச் செய்தார்கள். 2012இல் வெளியான ஆய்வின்படி கழுகு இனமொன்றின் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மின் உற்பத்தியில் ஏற்பட்ட இழப்பு நூற்றில் 0.1 வீதத்துக்கும் குறைவு. இது எதனால் சாத்தியமானது? எந்தப் பறவை, எப்போது, எந்தப் பக்கமாக வரும் என்று பார்த்துச் சொல்ல அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

எமது சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. பெரிய திட்டமொன்றுக்குச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானால், அதைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துத் தெரிவிக்க 30 நாட்கள் தரப்படுகின்றன. யாரும் எழுதலாம், தமிழில் எழுதலாம். இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த 30 நாட்களில் எமது ஊரவர் ஒருவர் என்ன எழுதுவார்? "இங்கே நிறையப் பறவைகள் வருகின்றன" என்று எழுதுவார். அதைப் படிக்கும் அதிகாரி ஒரு பக்கமாக வைத்துவிடுவார். "இந்த இடத்தில், இந்த ஐந்து வருடங்களில், செப்டெம்பர் இரண்டாம் வாரத்தில், இன்ன பறவைகள் இத்தனை வந்தன, இதோ திகதி, இதோ நேரம், இதோ கையெழுத்து" என்று எழுதினால் அப்படி வைக்க முடியாது. முதலாவது முறைப்பாடு, இரண்டாவது சாட்சியம். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு கொப்பிதான்.

ஆய்வாளர்கள் எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தினர் மன்னாரில் பிடித்து ஜிபிஎஸ் கருவி பொருத்திவிட்ட கடற்காகம் ஆர்க்டிக் ஓரத்தில் ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை சென்றது தெரியவந்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். ஆனால் கருவி பொருத்திய பறவைகள் ஒரு சில. ஆய்வாளர்கள் வருவதும் வருடத்தில் சில நாட்கள். நாம் இங்கே 365 நாளும் இருக்கிறோம். அவர்களிடம் இல்லாத ஒன்று எம்மிடம் இருக்கிறது.

இருந்தும் எம்மிடம் பதிவு இல்லை. அதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. 1990 ஒக்டோபரில், பறவைகள் வந்து இறங்கும் அதே மாதத்தில், இத்தீவின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எமது பெற்றோரில் பலர் புத்தளத்து முகாம்களில் வளர்ந்தவர்கள். அவர்களது சிறு பராயத்தில் இந்தக் கரை இல்லை. இங்கேயே இருந்தவர்களுக்கும் போர்க்காலத்தில் கரைக்குப் போய் நிற்பது இலேசான காரியமாக இருக்கவில்லை. ஆகவே, பேத்தி உம்மாவிடமும், உம்மா உம்மும்மாவிடமும் கேட்டுக் கேட்டு வர வேண்டிய அறிவில் நடுவே ஒரு கண்ணி அறுந்துவிட்டது. உம்மும்மாமாரிடம் இருப்பதை இப்போது கேட்டு எழுதாவிட்டால் இனிக் கேட்க ஆளிருக்காது.

பெயர்களையே எடுத்துக் கொள்ளுங்கள். காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் கத்துவதால் ஆறுமணிக்குருவி. உப்புத் தரையில் ஓடி ஓடிக் கொத்துவதால் உப்புக்கொத்தி. நடக்கும்போது வாலை ஆட்டிக் கொண்டேயிருப்பதால் வாலாட்டி. ஒவ்வொரு பெயருக்குள்ளும் யாரோ ஒருவர் நின்று பார்த்த பார்வை இருக்கிறது. எமது முன்னோர் கல்லூரிக்குப் போகாமலேயே ஆய்வு செய்திருக்கிறார்கள். இன்று எமது வகுப்பில் ஃபிளமிங்கோ தெரியாதவர் இல்லை. உப்புக்கொத்தி தெரிந்தவர் நான்கைந்து பேர்தான். தமிழ்ச் சஞ்சிகை நடத்தும் கல்லூரி இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா?

கடந்த வருடம் நாங்கள் ஐந்து மாணவிகள், எமது உயிரியல் ஆசிரியையுடன், செப்டெம்பர் தொடக்கம் நவம்பர் நடுப்பகுதி வரை சனிக்கிழமைகளில் ஒரே இடத்தில் நின்று ஒரு கொப்பி எழுதினோம். ஒருவருடைய வாப்பாவின் பழைய பைனாக்குலர் ஒன்றை மாறி மாறிப் பாவித்தோம். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் முதல் வாரத்தில் "சின்ன மண்ணிறக் குருவிகள், நிறைய" என்று எழுதிய எங்கள் கை, ஆறாவது வாரத்தில் கால் நிறம், அலகின் நீளம், ஓடி நிற்கும் விதம் என்று பிரித்து எழுதத் தொடங்கியது. பார்க்கப் பழகுவது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. விலங்குப் பாகுபாட்டைப் பாடமாக்கிக் கொண்டிருந்த எனக்கு, பாகுபாடு எதற்காக என்பதும் அங்கேதான் விளங்கியது.

பெற்றோருக்கு இருக்கும் தயக்கங்களை நான் அறிவேன். எமது வீட்டிலும் அவை வந்தன.

முதலாவது, பரீட்சை. "டியூஷனுக்கே நேரமில்லை, இதில் குருவி பார்க்கப் போகிறாயா?" என்று உம்மா கேட்டார். வாரத்தில் ஒன்றரை மணித்தியாலம்தான் இதற்குத் தேவை. அதைவிட அதிக நேரத்தைக் கையடக்கத் தொலைபேசி ஒரே நாளில் எடுத்துக் கொள்கிறது. உயிரியலுக்கும் புவியியலுக்கும் இது பாடத்துக்கு வெளியே உள்ள வேலையும் அல்ல.

இரண்டாவது, பாதுகாப்பும் ஒழுக்கமும். பெண்பிள்ளைகள் கரையில் நிற்பதா என்ற கேள்வி. தனியாக அனுப்புங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆசிரியையோடு, ஐந்தாறு பேராக, விடிந்த பிறகு, எல்லோருக்கும் தெரிந்த இடத்துக்கு. உம்மாமாரும் வரலாம், வந்தால் எமக்குத் தெரியாத பெயர் நான்கு கிடைக்கும். கரைக்கு விடவே மனமில்லை என்றால் வீட்டு மொட்டை மாடி இருக்கிறது. பாடசாலை முற்றத்து வேப்ப மரம் இருக்கிறது. பஞ்சுருட்டானும் கீச்சானும் அங்கேயே வரும். எருக்கலைக்கும் உகாய்க்கும் கடற்கரை வரை போக வேண்டியதுமில்லை. மேலும், எமது கரையில் மீன் காயவைத்தும் கருவாடு பிரித்தும் உழைக்கும் பெண்கள் என்றும் இருக்கிறார்கள். பெண் கரைக்கு உழைக்கப் போவது சரியென்றால், படிக்கப் போவது எப்படிப் பிழையாகும்?

மூன்றாவது, "இது ஆம்பிளைப் பிள்ளைகளின் வேலை" என்ற எண்ணம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் இருக்கிறது. ஆண்பிள்ளைகளும் செய்யட்டும், மிக நல்லது. ஆனால் ஒரு வீட்டைச் சுற்றி நாள் முழுவதும் நடப்பதை அதிகம் காண்பவர் பெண்தான். எந்த நாள் முதல் தகைவிலான் வந்தது, எந்த மழைக்குப் பின் முற்றம் வண்ணத்துப்பூச்சியால் நிறைந்தது என்று கேட்டால் சரியாகச் சொல்லக்கூடியவர் உம்மாவா வாப்பாவா? அந்தப் பார்வை இருக்கும் கையில் பென்சிலையும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

செய்ய விரும்பும் சகோதரிகளுக்காக எங்கள் கொப்பியிலிருந்து சில குறிப்புகள். இடத்தை மாற்றாதீர்கள், ஒரே இடம், ஒரே நேரம், ஒரே அளவு நிமிடங்கள். அப்போதுதான் இந்த வாரத்தையும் அடுத்த வாரத்தையும், இந்த வருடத்தையும் வரும் வருடத்தையும் ஒப்பிட முடியும். திகதி, நேரம், காற்றுத் திசை, கடல் வற்றா பெருக்கா என்பவற்றை முதல் வரியில் எழுதுங்கள். பெயர் தெரியாத பறவைக்குப் பெயர் தேடி அவசரப்படாதீர்கள். அளவு, கால் நிறம், அலகு வடிவம் எழுதி ஒரு சின்னப் படம் வரையுங்கள். ஊரில் வழங்கும் பெயர் கிடைத்தால், யார் சொன்னது என்பதோடு எழுதுங்கள். ஒன்றும் வராத நாளையும் எழுதுங்கள். "இன்று ஒன்றுமில்லை" என்பதும் ஒரு பதிவுதான். வண்ணத்துப்பூச்சியை வெயில் ஏறிய பின், ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில், ஒரே பாதையில் நடந்து பாருங்கள். எந்தச் செடியில் இருந்தது என்பதையும் குறியுங்கள். பிடிக்க வேண்டாம். இளைப்பாறும் பறவைக் கூட்டத்தை விரட்டிப் படம் எடுக்கவும் வேண்டாம். எத்தனையோ ஆயிரம் கிலோமீற்றர் பறந்து வந்த பறவைக்கு அந்தச் சேற்றில் கிடைக்கும் ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் முக்கியம். கொப்பி நிறைந்ததும் ஈ-பேர்ட் போன்ற இணையப் பதிவேட்டிலும் ஏற்றலாம். உலகின் எந்தப் பகுதியில் உள்ள ஆய்வாளரும் அதைப் பாவிக்க முடியும். ஆனால் கொப்பியை எறிந்துவிட வேண்டாம். அது கல்லூரி நூலகத்தில் இருக்க வேண்டிய பொருள்.

கல்லூரி நிர்வாகத்திடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் முதல் சனிக்கிழமை ஒரு புதிய கொப்பியைத் திறப்போம். ஒக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் தினம். அன்று அதுவரை எழுதியதைப் பெற்றோருக்குக் காட்சிக்கு வைப்போம். உயர்தரம் முடித்துப் போகும் மாணவி, கொப்பியைப் பதினோராம் வகுப்பு மாணவியிடம் கையளித்துவிட்டுப் போகட்டும். மூன்று பைனாக்குலர்கள் வாங்குவது பழைய மாணவியர் சங்கத்துக்குப் பெரிய செலவல்ல. விளையாட்டுப் போட்டிக்கும் கலை விழாவுக்கும் தரும் ஆதரவில் ஒரு சிறு பங்கு இதற்குக் கிடைத்தால் போதும்.

பத்து வருடம் இப்படி எழுதினால் பத்துக் கொப்பிகள் சேரும். அதற்குள் எங்களில் சிலர் வைத்தியராகவும், ஆசிரியையாகவும், சட்டத்தரணியாகவும், பிள்ளை வளர்க்கும் தாயாகவும் ஆகியிருப்போம். அன்று யாராவது ஒரு வரைபடத்தை விரித்து, "இந்த இடத்தில் ஒன்றுமில்லை, வெறும் சேற்று நிலம்" என்று சொன்னால், எமது ஊரிலிருந்து ஒரு பெண் அந்தப் பத்துக் கொப்பிகளையும் மேசையில் கொண்டு போய் வைக்க வேண்டும். அதற்கான முதற்பக்கத்தை வருகிற செப்டெம்பரில் எழுதத் தொடங்குவோம். பெற்றோரே, உங்கள் மகளுக்கு ஒரு கொப்பியும் ஒரு சனிக்கிழமைக் காலையும் தாருங்கள்.